அடுத்த கை திறக்கும்படி: ஒரு பழைய புல்லட்டை வீட்டிலேயே மீட்டெடுத்த அனுபவம்

பின்சக்கர அச்சின் நட்டில் ஸ்பானரை வைத்த முதல் நாளே, எனக்கு முன்னால் இந்த வண்டியில் எப்படிப்பட்ட கைகள் பட்டிருக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. நட்டின் ஆறு மூலைகளில் நான்கு மழுங்கி ஏறத்தாழ வட்டமாகியிருந்தன. மீதி இரண்டிலும், உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துத் திருப்பிய பள்ளங்கள் துருவையும் மீறித் தெரிந்தன. சரியான ஸ்பானர் கையில் இல்லாத யாரோ ஒருவர், என்றோ ஓர் அவசரத்தில், வேலையை முடித்துக்கொண்டு போயிருக்கிறார். அன்று அவர் மிச்சப்படுத்திய பத்து நிமிடம் என்னிடமிருந்து மூன்று மாலைப்பொழுதுகளை வாங்கிக்கொண்டது.

வண்டி 1970களின் தொடக்கத்தில் உருவான 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட். என் சித்தப்பா நெடுங்காலம் ஓட்டி, எஞ்சின் இறுகிப்போனதும் நிறுத்திவைத்து, பத்தொன்பது ஆண்டுகள் தொடாமல் விட்டிருந்தார். பழகியவர்கள் ‘காஸ்ட் அயர்ன் எஞ்சின்’ என்று சொல்லும் பழைய வகை அது: இரும்பு வார்ப்புச் சிலிண்டர், அதன்மேல் அலுமினியக் கலவையாலான ஹெட். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கணக்கிட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். இங்கிலாந்தில் வடிவமைக்கப்பட்ட இந்த வண்டியை 1955இல் சென்னையில் பூட்டத் தொடங்கினார்கள். பிறந்த நாட்டில் இதன் உற்பத்தி 1960களில் நின்றுபோன பிறகும், இந்தியாவில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தது. வீட்டில் வைத்து வேலை செய்ய நினைப்பவருக்கு இது பெரிய வசதி. உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஒரு ஃபீலர் கேஜும் பொறுமையும் உள்ள எவரும் பின்தொடர முடியும்.

வேலை முடிய இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆயின. அதில் முதல் வாரத்திலேயே நான் செய்த தவறு, கடைசி மாதம் வரை என்னைத் துரத்தியது. ஆர்வ மிகுதியில் ஒரே நாளில் ஹெட்லைட் கூட்டையும் வயரிங்கையும் பிடுங்கி எடுத்து, ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். வயர்களின் நிறங்கள் எண்ணெயும் தூசும் ஏறி ஒரே பழுப்பாகியிருந்தன. எது எதனுடன் சேர்ந்திருந்தது என்பதற்கு என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று செய்திகளை எழுதத் தொடங்கினேன்: எந்த வரிசையில் வெளியே வந்தது, வாஷர்கள் எந்தப் பக்கம் எத்தனை இருந்தன, கழற்றுவதற்கு முன் அதன் நிலை என்ன. மூன்றாவது செய்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ‘இறுக்கமாக இருந்தது’, ‘விரலாலேயே சுழன்றது’, ‘பழைய ஆயில் கசிவு, இடது மூலையில்’ என்பன போன்ற குறிப்புகள், ஓராண்டு கழித்துப் பூட்டும்போது, பாகத்தைவிட அதிகம் பேசின. படமும் எடுக்க வேண்டும். ஆனால் படம் இறுக்கத்தைக் காட்டாது.

போல்ட்டுகளையும் நட்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டக் கூடாது. கூடுமான இடங்களில் போல்ட்டைக் கழற்றியவுடன் அதன் துளையிலேயே இரண்டு சுற்று திருப்பி வைத்துவிட்டேன். கவர்களின் போல்ட்டுகளுக்கு, அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தேன். ஒரே கவரில் வெவ்வேறு நீளமுள்ள திருகுகள் வருவது வழக்கம். நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினியம் பிளந்துவிடும். என் வண்டியின் டைமிங் கவரில் அப்படிப் பிளந்து, பசை பூசி மூடிய ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது.

ஸ்பானர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய பிரித்தானிய வடிவமைப்பு வண்டிகளில் நடந்த சேதங்களில் பாதிக்கு மேல் இதனால்தான் நேர்ந்தது என்பது என் உறுதியான கருத்து. இவற்றில் பல நட்டுகள் விட்வொர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல அளவுமுறையைச் சேர்ந்தவை. அந்த ஸ்பானரின் மேல் பொறித்திருக்கும் எண், நட்டின் இரு முகங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்வதில்லை; அது பொருந்தும் போல்ட்டின் தண்டு விட்டத்தைச் சொல்கிறது. எடுத்துக்காட்டாக, கால் அங்குல விட்வொர்த் ஸ்பானரின் வாய் அளந்தால் 0.525 அங்குலம், அதாவது 13.3 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பானர் அந்த நட்டில் ஏறாது. 14 ஏறும், ஆனால் ஆடும்; கொஞ்சம் பலமாக இழுத்தால் மூலையைச் சீவிக்கொண்டு சுழலும். இதைத் தெரியாமல் 14ஐ வைத்தே காலம் தள்ளியவர்களின் கைவரிசைதான் வண்டி முழுவதும் இருந்தது. நான் முதலில் வாங்கியது உதிரிபாகம் எதையும் அல்ல. ஒரு சிறு விட்வொர்த் ஸ்பானர் தொகுதி. அதைச் செலவு என்று நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தால், நானும் இன்னும் சில நட்டுகளை வட்டமாக்கியிருப்பேன். மரைகளும் அப்படித்தான். ஒரே விட்டமுள்ள இரண்டு போல்ட்டுகள் அங்குலத்துக்கு வெவ்வேறு எண்ணிக்கை மரைகளோடு இருக்கும். முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், மூன்றாவது சுற்றில் பிடிக்கும். அந்த இடத்தில் பலத்தைக் காட்டினால் ஒரு மரை மற்றொன்றை அழித்துவிடும். எந்தத் திருகையும் முதலில் விரலால் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினால், மரையின் தொடக்கத்தில் ‘டக்’கென்று ஒரு சிறு விழுகை விரலுக்குத் தெரியும். அங்கிருந்து ஏற்றினால் மரை ஒருபோதும் குறுக்காகப் பிடிக்காது. ஸ்பார்க் பிளக்குக்கு இது மிகவும் முக்கியம். என் வண்டியின் ஹெட்டில் பிளக் துளையின் 14 மில்லிமீட்டர் மரை ஏற்கெனவே அழிந்திருந்ததால், அதை விரித்து எஃகுச் சுருள் மரை பதிக்க வேண்டியதாயிற்று.

இனி இறுகிப்போன பிஸ்டன். நின்றுபோன எஞ்சினைக் கிக்கரை மிதித்து விடுவிக்க முயல்வது மிகப் பெரிய தவறு. கிக்கரின் பற்கள் உடையும், அல்லது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் துருவேறிய ரிங்குகள் சிலிண்டர் சுவரைக் கீறிக்கொண்டே நகரும். நான் ஹெட்டைக் கழற்றிவிட்டுப் பார்த்தபோது, பிஸ்டன் பாதிவழியில் நின்றிருந்தது. அதற்கு மேலே சுவர் முழுவதும் சிவந்த துரு. முதலில் தெரிந்த அளவு துருவை நைலான் பிரஷால் நீக்கி, உறிஞ்சியெடுத்தேன். பிறகு ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கான டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் (ATF) அசிட்டோனையும் சம அளவில் கலந்து, பிஸ்டன் மேல் ஊற்றி மூடி வைத்தேன். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியும் அப்படியே. எனவே வெப்பம், தீப்பொறி எதுவும் அண்டாத, காற்றோட்டமுள்ள இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். நாள்தோறும் மாலையில் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்ப்பேன். எட்டு நாள் எதுவும் நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் சக்கரம் ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. அன்று அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை. மீண்டும் கலவையை ஊற்றி மூடிவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பிஸ்டன் தானாகவே வழிவிட்டதுபோல் இறங்கியது. அந்த மூன்று நாள் காத்திருப்பில்தான் பிஸ்டனும் அதைக் கீழிருந்து தாங்கும் கனெக்டிங் ராடும் தப்பின என்று நம்புகிறேன்.

சிலிண்டர் தப்பவில்லை. மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படும் அளவுக்குத் தேய்மானத்தால் உண்டான வரப்பு இருந்தது. அதற்குக் கீழே துரு அரித்த குழிகள் இருந்தன. அடுத்த ஓவர்சைஸுக்கு, அதாவது சற்றுப் பெரிய பிஸ்டன் பொருந்தும்படி, சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. இங்கே ஒரு விதி உண்டு: பிஸ்டனை முதலில் வாங்க வேண்டும், பிறகுதான் போரிங். டப்பாவில் எழுதியிருக்கும் அளவை நம்பிச் சிலிண்டரைக் கடையக் கூடாது. பிஸ்டனையும் கொண்டுபோய்க் கொடுத்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்து, அந்தப் பிஸ்டனுக்கு உரிய இடைவெளி விட்டுக் கடையச் சொல்ல வேண்டும். நான் சென்ற லேத்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, “பிஸ்டன் கொண்டு வந்திருக்கீங்களா சார்?” என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காத பட்டறையில் சிலிண்டரைக் கொடுக்க வேண்டாம்.

ரிங் இடைவெளியை வீட்டிலேயே பார்க்கலாம். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் ஓர் அங்குல ஆழம் வரை சமமாகத் தள்ளி, இரு முனைகளுக்கும் இடையே ஃபீலர் கேஜைச் செருக வேண்டும். காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கு, விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் நான்கு தௌ, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு என்பது பழைய கணக்கு. 70 மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர் வருகிறது. எனக்கு வந்த ரிங்குகளில் ஒன்றில் அது பாதிகூட இல்லை. அப்படியே பூட்டியிருந்தால், சூட்டில் விரியும் ரிங்கின் முனைகள் ஒன்றையொன்று முட்டி, சில கிலோமீட்டரிலேயே எஞ்சின் மீண்டும் இறுகியிருக்கும். புதிய பாகம் என்பதால் அது சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அளந்து பார்த்த பிறகே அது நம் பாகம்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் திறக்க வேண்டுமா என்ற கேள்வி என்னைப் பல நாள் வாட்டியது. கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழுமாக இழுத்துப் பார்த்தேன்; துளியும் ஆட்டமில்லை. பக்கவாட்டில் சற்று அசைந்தது, அது இருக்க வேண்டியதுதான். இரண்டு ஃபிளைவீல்களையும் பிரித்து மீண்டும் நேர்ச்சீராகச் சேர்ப்பதற்குப் பிரஸ்ஸும் டயல் கேஜும் பழகிய கையும் வேண்டும். என்னிடம் மூன்றும் இல்லை. எனவே நன்றாக இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். முழுமையாகப் பிரித்தால்தான் மீட்டெடுப்பு என்று நினைப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆனால் தேவையில்லாமல் திறந்த பாகத்தில் நாம் விட்டுவரும் பிழை, அங்கே இருந்திருக்கக்கூடிய தேய்மானத்தைவிடப் பெரிதாக அமைவதை நான் பார்த்திருக்கிறேன். டைமிங் கவருக்குள், கிராங்கின் முனையில், ஆயில் பம்பை ஓட்டும் புழுப்பல் நட்டு ஒன்று உண்டு. அதன் மரை இடப்பக்கம் திரும்புவது. அந்த நட்டின் முகத்தில், வழக்கமான திசையில் கழற்ற முயன்று உளியால் அடித்த அடையாளங்கள் வரிசையாக இருந்தன. கையேட்டில் ஒரு வரியைப் படித்திருந்தால் போதும். அடித்தவர் அதை மேலும் மேலும் இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

அதே இடத்தில் இன்னொன்றும் கிடைத்தது. ஆயில் வழியின் வாயில், கறுத்துப்போன ரப்பர் புழுவைப் போல ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது கேஸ்கட் பசை. கவரை மூடும்போது கசிவுக்குப் பயந்து பசையைத் தாராளமாகப் பூசினால், வெளியே பிதுங்குவதை நாம் துடைத்துவிடுகிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்குகிறது, அதைத் துடைக்க யாரும் இல்லை. அது காய்ந்து உதிர்ந்து, ஆயிலோடு பயணம் செய்து, எங்கே வழி குறுகலோ அங்கே அடைத்துக்கொள்கிறது. இந்த எஞ்சினில் ஆயிலின் வழிகள் எல்லாமே குறுகல்தான். என் சித்தப்பா காலத்தில் இந்த எஞ்சின் இறுகியதற்கு அந்தத் துண்டே காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பசையை அறவே தவிர்த்தேன். கேஸ்கட்டுகளை நானே வெட்டினேன்: கவரின் விளிம்பில் விரலால் மெல்ல ஆயில் தடவி, கேஸ்கட் தாளின் மேல் அழுத்தினால் அச்சு விழுந்துவிடும், கத்தரியால் வெட்டி, துளைகளைப் பன்ச் வைத்து இட வேண்டும். முகங்கள் சமமாக இருந்தால் தாளே போதும். சமமாக இல்லையென்றால், கண்ணாடிப் பலகை மேல் நுண்ணிய எமரித் தாளை விரித்து, கவரை எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமன்படுத்தலாம். கிளட்ச் பக்கத்துக் கவரை நடுவிலுள்ள ஒரே ஒரு நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிகிறதே என்று அந்த நட்டை மேலும் இறுக்கினால் கவர் வளைந்து, கசிவு அதிகமாகும். அங்கே மாற்ற வேண்டியது ரப்பர் சீல்தான்.

பெட்ரோல் டேங்கில் கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது; உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவியும் காற்றும் கலந்த கலவைதான் வெடிக்கும். ஆண்டுக்கணக்காகக் காலியாகக் கிடந்தது என்பதற்காக அதன் அருகே வெல்டிங்கோ கிரைண்டரோ போகக் கூடாது. அதைப்போலவே பழைய பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அந்த இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். முகக்கவசம் அணிந்து, நனைத்த துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். இந்த இரண்டிலும் நான் யாரோடும் விவாதிக்க மாட்டேன்.

டேங்கின் உட்புறத் துருவுக்கு மின்பகுப்பு முறையைப் பயன்படுத்தினேன். முதலில் சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, பெட்ரோல் வாடையே இல்லாமல் ஆக்கினேன். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடா கலந்த நீரை நிரப்பி, மூடித் துளை வழியாக ஓர் இரும்புக் கம்பியை, டேங்கை எங்கும் தொடாதபடி, தொங்கவிட்டேன். 12 வோல்ட் சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்குக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் டேங்க் அரித்துப் போகும். கம்பியாகத் துருப்பிடிக்காத எஃகைப் பயன்படுத்தவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சு நீராகிவிடும். வேலை நடக்கும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், திறந்தவெளியில் செய்ய வேண்டும். கிளிப்பைக் கழற்றுமுன் சார்ஜரை அணைக்க வேண்டும். இரண்டு நாளில் நுரையோடு செஞ்சேறு மேலே வந்தது. கம்பி பாதியாக மெலிந்தது. கழுவியவுடன் உலர்த்தாவிட்டால் கண்முன்னேயே புதிய துரு படரும் என்பதால், சூடான காற்றால் உலர்த்திச் சிறிது ஆயிலை ஊற்றிச் சுழற்றி வைத்தேன். இதில் எனக்கு ஒரு நட்டம் நேர்ந்தது. ஒருமுறை கரைசல் பொங்கி வழிந்ததை இரவு முழுவதும் கவனிக்கவில்லை. வலப்பக்கத்தில் கைவிரல் அகலத்துக்குப் பெயிண்டின் பளபளப்பு போய்விட்டது. டேங்கின் பக்கங்களில் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகள் உண்டு. தூரிகை தொடங்கிய இடத்தில் சற்றுத் தடித்தும் முடிந்த இடத்தில் மெலிந்தும் இருக்கும் அந்தக் கோட்டின் மேல் கரைசல் படாமல் போனது என் நல்ல காலம்.

அந்தக் கோட்டுக்காகவே டேங்குக்குப் புதிய பெயிண்ட் அடிக்கவில்லை. பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் புதிதாக அடித்துக்கொள்ளலாம், முதல் பெயிண்ட்டை மீண்டும் கொண்டுவர முடியாது. மெழுகு தேய்த்து நிறுத்திக்கொண்டேன். வண்டியின் இரும்புச் சட்டத்தில் மட்டும், துரு கண்ட இடங்களைச் சுரண்டி எபாக்சி பிரைமர் கொடுத்துக் கறுப்பு பூசினேன். அப்போது ஒன்றைக் கவனித்தாக வேண்டும்: மரைத் துளைகளையும், பேரிங் உட்காரும் இடங்களையும், வயரிங்கின் இயர்த் முனை சட்டத்தைத் தொடும் இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டே பூச வேண்டும். அழகாகப் பூசி முடித்த பல வண்டிகளில் விளக்கு எரியாததற்குக் காரணம் அந்தப் பூச்சுதான்.

என் வண்டியைப் போன்ற 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 24 வாட் விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் எடுக்கும். 6 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால், துருப்பிடித்த ஓர் இணைப்பில் வீணாகும் ஆற்றல் நான்கு மடங்கு. ‘ஆறு வோல்ட் என்றாலே மங்கல்தான்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவத்தில் மங்கலுக்குக் காரணம் வோல்ட் அல்ல, இணைப்புகள். ஒவ்வொரு முனையையும் சுரண்டி, புதிய முனைகள் வைத்து, ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்கே தனியாக ஓர் இயர்த் வயரும் இழுத்த பிறகு, அதே விளக்கு தெளிவாக எரிந்தது. முதல் வாரத்தில் நான் பிடுங்கிப்போட்ட வயரிங்கைக் கையேட்டின் வரைபடத்தை வைத்து மீண்டும் கட்ட ஐந்து வாரங்கள் ஆயின.

பூட்டி முடித்து, முதல் முறை கிக்கரை மிதிப்பதற்கு முன், வால்வுகளை இயக்கும் டேப்பட்டைச் சரிபார்த்தேன். இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் டேப்பட் இடைவெளி பூஜ்யம். கம்ப்ரஷன் வீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, புஷ் ராடை இரு விரல்களால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் விரிவதால் இடைவெளி தானாகவே உண்டாகிறது; எனவே குளிரில் இடைவெளி வைத்தால், சூட்டில் டேப்பட் தட்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை ராடைச் சுழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, அங்கே ஆயில் ஊறி வரும் வரை கிக்கரை மிதித்துக்கொண்டே இருந்தேன். ஆயில் வந்ததைக் கண்ணால் பார்க்காமல் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

சாவியைப் போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைச் சற்றுத் தாண்டும்படி அழுத்திவிட்டு, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு முழு வீச்சில் மிதிக்க வேண்டும். ஏழாவது மிதியில் எஞ்சின் எடுத்தது. அந்த ஓசையைச் சித்தப்பா உள்ளறையிலிருந்து கேட்டு வெளியே வந்து, “டேப்பட் சத்தம் வரலையேப்பா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் வண்டி இருபது நிமிடம் ஓடியதும் நின்றது. கால் மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் எடுத்தது. மீண்டும் இருபது நிமிடம். இங்கே நான் இரண்டாவது பெரிய தவறைச் செய்தேன். ஒரே நாளில் பிளக்கை மாற்றி, கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றி, காயிலையும் மாற்றினேன். மறுநாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மீண்டும் நின்றது. எதனால் ஒரு நாள் நன்றாக ஓடியது என்பதும் தெரியவில்லை, எதனால் நின்றது என்பதும் தெரியவில்லை. எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, நோட்டில் புதிய பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். சூட்டில் நிற்கும் வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது டேங்க் மூடியின் காற்றுத் துளை. அது அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். நின்ற உடனே மூடியைத் திறந்தேன். காற்று உறிஞ்சும் ஓசை இல்லை, வண்டியும் எடுக்கவில்லை. அடுத்த முறை நின்றபோது, பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை கலைந்த பிறகு, ஹெட்டில் பிளக் துளைக்குத் தள்ளி வைத்துத் தீப்பொறியைப் பார்த்தேன்: மெலிந்த மஞ்சள் நிறம். அதேநேரம் பாயிண்ட்டுகளுக்கு இடையே கொழுத்த நீலப் பொறி பறந்தது. பிளக்கில் இருக்க வேண்டிய பொறி பாயிண்ட்டில் இருந்தால், குற்றவாளி கண்டென்சர். பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்னோட்டத்தை வாங்கிக்கொண்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வழிசெய்வது அதன் வேலை. எஞ்சினை ஒட்டிய இடத்தில் சூடேறச் சூடேற, அதற்குள் இருக்கும் காப்பு பலவீனமாகி, அந்த வேலையை விட்டுவிடுகிறது. ஆறினால் மீண்டும் செய்கிறது. புதிய கண்டென்சரை டேங்குக்கு அடியில், காயிலின் பக்கத்தில், சூடு எட்டாத இடத்தில் பொருத்தினேன். சட்டத்தில் புதிய துளை எதுவும் இடவில்லை. இருந்த ஒரு போல்ட்டிலேயே தகடு கொடுத்து மாட்டினேன். பழைய இடத்துப் பிடிப்பானையும் கழற்றவில்லை.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். டிரம் பிரேக் வேலை முடிந்து சக்கரத்தைப் பூட்டும்போது, அச்சு நட்டை இறுக்கும் நேரத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கினால், இரண்டு ஷூக்களும் டிரம்முக்கு நடுவாக அமர்ந்துவிடும். புதிய லைனர் முழு முகமும் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டராவது பிடிக்கும். அதுவரை முன்னே போகும் வண்டியிலிருந்து வழக்கத்தைவிட அதிக தூரம் விட வேண்டும். டயரில் பட்டன் நிறைய இருக்கிறது என்று பழைய டயரை விட்டுவைக்கக் கூடாது. 2000க்குப் பிறகு வந்த டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று இலக்கமே இருந்தால், அது அதற்கும் முந்தையது. என் வண்டியில் மூன்று இலக்கம் இருந்தது. ரப்பர் மரம்போல் இறுகியிருந்தது.

மூன்று மாலைகளை விழுங்கிய அந்தப் பின் அச்சு நட்டுக்குப் பதில் புதியதைப் போட்டிருக்கிறேன். மரையில் தாமிரப் பசை தடவி, சரியான ஸ்பானரால் இறுக்கினேன். சென்ற வாரம் டியூப் மாற்றுவதற்காக அதைக் கழற்ற வேண்டியிருந்தது. ஸ்பானரை வைத்து ஒரே இழுப்பில் தளர்ந்து, மீதியை விரலாலேயே சுழற்றி எடுத்தேன். நட்டின் ஆறு மூலைகளும் கூர்மையாகவே இருந்தன. நோட்டுப் புத்தகத்தில் தேதியையும், கண்டென்சரை எங்கே மாற்றி வைத்திருக்கிறேன் என்பதையும், புழுப்பல் நட்டு இட மரை என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி, எண்ணெய் படாத உறையில் சுற்றி, டூல் பாக்ஸில் விட்வொர்த் ஸ்பானர்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.